தாத்தாவின் உளி, வெனிஸின் செம்பு

கும்பகோணத்தில் பாத்திரக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு கடையின் வாசற்படியை ஒட்டி என் தாத்தா உட்கார்ந்திருப்பார். சீருக்கு எடுத்த அண்டா, குண்டான், குத்துவிளக்கு, எவர்சில்வர் தட்டு எல்லாம் பில் போட்டு முடிந்ததும் அவரிடம்தான் வரும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த பெயரை ஒருமுறை உதட்டுக்குள் படித்துக்கொள்வார். பிறகு பென்சில் கோடுகூடப் போடாமல், சின்ன உளியை வைத்து, சுத்தியலால் டிக் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே போவார். ‘அன்பளிப்பு’ என்ற சொல்லில் ‘ன்’ எழுத்தின் சுழி வரும்போது உளி திரும்பாது, பாத்திரம்தான் திரும்பும். மடியில் கிடக்கும் தட்டு ஒரு குழந்தையைப் போல அவர் இடது கையில் மெல்லச் சுழலும். ஊரில் அதற்குப் பெயர் ‘பேர் வெட்டுறது’.

22 வயதில், சென்னையில் ஓவியப் பட்டம் வாங்கிக்கொண்டு, அச்சோவியம் படிக்க ஒரு வருஷம் வெனிஸுக்குப் போனேன். அங்கே முதன்முதலாக ஒரு செப்புத் தகட்டில் வளைகோடு வெட்ட முயன்றபோது, வாத்தியார் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். “கையைத் திருப்பாதே. தகட்டைத் திருப்பு” என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். புரியவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொன்னார். புரியாமல் இல்லை. மணல் அடைத்த தோல் மெத்தையின்மேல் அந்தத் தகடு சுழன்றபோது கும்பகோணத்துத் தெரு கண்முன் வந்து நின்றுவிட்டது.

அச்சோவியம் என்றால் என்ன என்று நம்மூரில் கேட்பவர்கள் அதிகம். மரப்பலகையில் வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்து, மேடாக நிற்பதில் மை பூசி அச்சிடுவது ஒரு வகை. செம்பிலோ துத்தநாகத்திலோ கோடு பள்ளமாக விழ, அந்தப் பள்ளத்துக்குள் மையை நிரப்பி அச்சிடுவது இன்னொரு வகை. கல்லில் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத குணத்தை வைத்துச் செய்வது லித்தோ. பட்டுத் திரை வழியாக மையைத் தள்ளுவது ஸ்கிரீன். நான் போனது இரண்டாவதுக்காக. பள்ளத்துக்குள் மை போகும் இந்த வேலைக்கு ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் இருக்கிறது. அதில் கணிசமான பங்கு இத்தாலியின் பொற்கொல்லர் பட்டறைகளிலும் ஓவியர் கூடங்களிலும் வளர்ந்தது.

போய்ச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் இறங்கியதும் 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தபால் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு உறை தருவார்கள். 16 யூரோ முத்திரைவில்லை ஒட்டி, கைரேகை கொடுத்து, அட்டை கைக்கு வர மாதக்கணக்காகும். வெனிஸ் தீவுக்குள் வாடகை கட்டுப்படியாகாது. மாணவர்களில் பாதிப் பேர் தண்ணீருக்கு இக்கரையில், மெஸ்த்ரேயில்தான் குடியிருப்பார்கள். நானும் அப்படித்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வங்கதேசத்துக்காரர்களின் மளிகைக் கடைகள் இருந்ததால் பருப்புக்கும் பச்சை மிளகாய்க்கும் குறைவில்லை. காலையில் பஸ் நீண்ட பாலத்தைத் தாண்டும். அதன்பிறகு சக்கரம் வைத்த எதுவும் கிடையாது, நடைதான். கையில் தகடுகளும் காகித உருளையும் இருந்தால், படி ஏறி இறங்கும் ஒவ்வொரு பாலமும் நினைவில் நிற்கும்.

நகத்தில் நிற்கும் உளி

செம்பை வெட்டும் உளியை அங்கே ‘புலினோ’ என்கிறார்கள். காளான் மாதிரி ஒரு மரப்பிடி. அது உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும். அதிலிருந்து நீளும் எஃகுத் தண்டின் முனை சாய்வாக, சாய்சதுரமாகத் தீட்டியிருக்கும். தாத்தாவின் உளியைச் சுத்தியல் தட்டும். இதை உள்ளங்கை தள்ளும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் இரண்டு வாரம் நான் எதையும் வெட்டவில்லை. எண்ணெய்க்கல்லில் தீட்டினேன். முனை சரியாக வந்ததா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு வழி உண்டு. கட்டைவிரல் நகத்தின்மேல் உளியை லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும். வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும், நகத்தில் பிடித்து நின்றால் போதும். என் நகத்தில் அது நின்றது பதினோராம் நாள். மொட்டை உளி செம்பில் வழுக்கும், வழுக்கினால் எதிர்க் கையில்தான் குத்தும். அதனால் அந்தப் பொறுமைக்கு ஓர் அவசரக் காரணமும் இருந்தது.

நன்றாகத் தீட்டிய உளியைத் தள்ளும்போது முனைக்கு முன்னால் செம்பு ஒரு சுருளாக எழுந்து வரும். முடி போன்ற, மினுங்குகிற சுருள். அழுத்தினால் கோடு அகலும், விட்டால் ஊசிமுனையாகி மறையும். அந்த ஏறி இறங்கும் கோட்டைப் பேனாவாலோ தூரிகையாலோ கொண்டுவர முடியாது. கோட்டின் இரு விளிம்பிலும் எழும் பிசிறை முக்கோணச் சுரண்டியால் சீவி, பிறகு மழுங்கிய எஃகால் தேய்த்துச் சமன் செய்கிறோம். விரலால் தடவினால் பள்ளம் மட்டும் தெரிய வேண்டும்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது? 16ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய ஜோர்ஜோ வசாரி, இதைக் கண்டுபிடித்தவர் ஃப்ளாரன்ஸ் பொற்கொல்லர் மாசோ ஃபினிகுவெர்ரா என்று எழுதிவைத்தார். வெள்ளித் தகட்டில் உருவம் வெட்டி, கோடுகளுக்குள் கறுப்புக் கலவையை உருக்கி நிரப்புவது அந்தக் காலப் பொற்கொல்லர் வேலை. அதற்கு ‘நீல்லோ’ என்று பெயர். உருக்கி ஊற்றுவதற்கு முன் வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க, கோடுகளில் கரியும் எண்ணெயும் தடவி ஈரக் காகிதத்தை ஒற்றி எடுத்தாராம். அந்த ஒற்றல்தான் முதல் அச்சோவியம் என்பது வசாரியின் கட்சி. ஜெர்மன் நாட்டில் அதற்கு முன்பே செப்புத் தகட்டில் அச்சிட்டிருக்கிறார்கள் என்பதால் வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. கண்டுபிடித்தவர் யார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. இரண்டு நாட்டிலும் உளியைப் பிடித்தவர்கள் நகைத் தொழிலாளிகள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தோனியோ பொல்லாயுவோலோவும் பொற்கொல்லர்தான். 1470களை ஒட்டி அவர் வெட்டிய ‘நிர்வாண வீரர்களின் போர்’ படத்தை எங்களுக்கு ஒரு வாரம் பாடமாகவே நடத்தினார்கள். பத்து ஆண்கள், வாளும் கோடரியும் வில்லுமாக, ஒவ்வொரு தசையும் திமிற நிற்கிறார்கள். எல்லாரும் தசையைப் பார்த்தார்கள். என் கண் இடப்பக்க மூலைக்குப் போயிற்று. அங்கே மரத்தில் ஒரு பலகை தொங்குகிறது. பலகையில், இது ஃப்ளாரன்ஸ்காரன் அந்தோனியோ பொல்லாயுவோலோவின் வேலை என்று லத்தீனில் முழுப்பெயரும் வெட்டியிருக்கிறது. பேர் வெட்டியிருக்கிறார்! அதுவும், அச்சில் நேராக வர வேண்டும் என்பதற்காகச் செம்பில் அத்தனை எழுத்தையும் தலைகீழ் வாக்கில், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வெட்டியிருக்கிறார்.

இடவலம் மாறும் இந்த விஷயத்தில் நான் அடிபட்டது நவம்பரில். முதல் செப்புத் தகட்டுக்கு ஒரு அண்டாவின் கழுத்தை எடுத்துக்கொண்டேன். விளிம்பு, இரண்டு வளையம், கீழே ‘அன்பளிப்பு’, அதற்கும் கீழே தாத்தா பெயர். மூன்று வாரம் வெட்டினேன். அச்சடித்து, காகிதத்தைத் தூக்கினேன். வாத்தியார் கோடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, சுழிகள் உயிரோடு இருக்கின்றன என்று பாராட்டினார். கூடப் படித்தவர்கள் வந்து பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுத்து முழுக்கத் திரும்பியிருந்தது. தாத்தாவின் பெயரை யாராலும் படிக்க முடியாதபடி அச்சடித்திருந்தேன்.

வாத்தியாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துக் காட்டினார். பின்னாலிருந்து பார்த்தபோது பெயர் நேராகத் தெரிந்தது. “இனி வரையும்போதெல்லாம் காகிதத்தின் பின்பக்கத்திலிருந்து யோசி” என்றார். அன்று இரவு மெஸ்த்ரே அறையில் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து ‘ழ’வை நூறு முறை எழுதிப் பழகினேன். ‘ழ’ மிகவும் கஷ்டம். ‘ஞ’ அதைவிட.

அமிலத்துக்கும் ஒரு நேரம்

உளி வேலை மெதுவானது. கோட்டை அமிலம் அரிக்கட்டும் என்று விடுவது எட்சிங். இத்தாலியில் அதன் பெயர் ‘அக்வாஃபோர்த்தே’, வலிய நீர் என்று பொருள். தகட்டின் விளிம்புகளை அரத்தால் சாய்த்து, சுண்ணப் பொடியால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, தேன்மெழுகும் நிலக்கீலும் பிசினும் சேர்ந்த பூச்சைச் சூட்டில் உருட்ட வேண்டும். பிறகு தகட்டைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, கட்டிய மெழுகுத்திரிகளின் சுடரைக் கீழே ஓட்டிப் புகை பிடிக்க வைக்கிறோம். சுடர் தொடக் கூடாது, புகை மட்டும் தொட வேண்டும். கண்மை பிடிப்பதற்கு விளக்கின்மேல் தட்டைக் கவிழ்ப்பார்களே, அதே கதைதான். இரண்டு நிமிஷத்தில் தகடு கறுப்புக் கண்ணாடியாகிவிடும். அதில் ஊசியால் கீறினால் கறுப்புக்குள் உலோகம் பளிச்சென்று தெரியும்.

துத்தநாகத் தகட்டை நைட்ரிக் அமிலக் கரைசலில் போட்டால், கீறிய கோடெல்லாம் குமிழி கட்டும். குமிழியை அப்படியே விட்டால் அடியில் அரிப்பு ஒரே சீராக இருக்காது. அதனால் ஒரு பறவை இறகை வைத்துக்கொண்டு நீவிக்கொண்டே நிற்க வேண்டும். ஜன்னல் திறந்து, விசிறி ஓடி, கையுறை போட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு. மெல்லிய கோடு வேண்டிய இடத்தை முதலில் எடுத்து வார்னிஷ் பூசி அடைத்துவிட்டு, மீதியை மறுபடி இறக்குகிறோம். தூரத்து மலைக்கு இரண்டு நிமிஷம், பக்கத்து மரத்துக்கு இருபது நிமிஷம் என்று, ஆழத்தை நேரமாகவே எண்ணப் பழக வேண்டும்.

ஜனவரியில் ஒரு நாள் வீட்டிலிருந்து போன் வந்தது. தகட்டை அமிலத்தில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தொட்டி சூடேறி, மெழுகுப் பூச்சு உரிந்து, நெருக்கமாக இருந்த கோடுகள் ஒன்றாகக் கலந்து பள்ளமாகியிருந்தன. ஒரு மாத வேலை. தூக்கிப் போட எடுத்தேன், வாத்தியார் விடவில்லை. அதையும் அச்சடிக்கச் சொன்னார். பள்ளத்தின் நடுவில் மை நிற்காமல் வெளிறி, ஓரம் மட்டும் கறுத்து, உப்பங்கழி வற்றிய தரை போல ஒன்று வந்தது. பிறகு சுரண்டியையும் தேய்ப்பானையும் கொடுத்து, அந்த இடத்தை மறுபடி சமன் செய்ய வைத்தார். நான்கு நாள் தேய்த்தேன். செம்பும் துத்தநாகமும் மன்னிக்கும், ஆனால் கூலி வாங்கிக்கொண்டுதான் மன்னிக்கும்.

அச்சடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தகடு தயாரானதும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது. தகட்டை லேசாகச் சூடாக்கி, கெட்டி மையை ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் திணிக்க வேண்டும். பிறகு கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி, வட்டம் வட்டமாகத் துடைக்க வேண்டும். முதல் துணி அழுக்கு, இரண்டாவது பாதி அழுக்கு, மூன்றாவது சுத்தம். அழுத்தித் துடைத்தால் கோட்டுக்குள் இருக்கும் மையும் வந்துவிடும். கடைசியில் துணி கிடையாது, உள்ளங்கை. விபூதி பூசுவதுபோல் வெள்ளைச் சுண்ணப்பொடியை ஒரு துளி உள்ளங்கையில் தடவி, மற்றதைத் தட்டிவிட்டு, தகட்டின்மேல் விசுக் விசுக்கென்று வீச வேண்டும். தொட்டும் தொடாமலும். எவ்வளவு மை மிச்சம் விடுகிறோமோ அதுதான் படத்தின் வானம், அதன் வெளிச்சம், அதன் பொழுது. ஒரே தகட்டில் நான் காலையும் அச்சடித்திருக்கிறேன், மாலையும் அச்சடித்திருக்கிறேன்.

முதல் தகட்டைத் துடைக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வருஷ முடிவில் இருபது நிமிஷம். பெரிய சக்கரத்தைக் கை மாற்றி மாற்றிச் சுழற்றினால், கம்பளிகளுக்கு அடியில் தகடும் ஈரக் காகிதமும் உருளைகளுக்கு நடுவே நசுங்கிப் போகும். அந்த அழுத்தத்தில் காகிதம் கோட்டுப் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வருகிறது. அதனால்தான் நல்ல எட்சிங்கில் கோடு காகிதத்தின்மேல் மேடாக நிற்கும். தகட்டின் விளிம்பும் காகிதத்தில் ஒரு சட்டம் போலப் பதிந்திருக்கும்.

காகிதம் ஊறியும் கிழியாமல் இருக்க வேண்டுமே, அதற்கும் இத்தாலிக்கு ஒரு ஊர் உண்டு. ஃபாப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து காகிதம் செய்கிறார்கள். தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் சம்மட்டிகளால் கந்தலை இடித்துக் கூழாக்கியதும், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையில் தாளைத் தோய்த்து உறுதியாக்கியதும், தாளுக்குள் நீர்க்குறி வைத்ததும் அவர்கள் பெயரைச் சொல்லும் வேலைகள். இன்றும் அச்சோவிய மாணவரின் பைக்குள் அந்த ஊர்த் தாள் இருக்கும். நனைத்து, வடித்து, ஒற்றி எடுத்த தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது.

ஊரைச் செதுக்கிய ஆறு பலகைகள்

சான் மார்க்கோ சதுக்கத்துக்கு வருகிற சுற்றுலாக் கூட்டம் தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும். எதிர்ப்பக்கம் கொர்ரேர் அருங்காட்சியகம். அங்கே யாகொப்போ தெ பார்பரி செய்த வெனிஸின் பறவைப் பார்வைப் படம் இருக்கிறது. ஆண்டு 1500. ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரம், 2.8 மீட்டர் அகலம். ஆறு மரப்பலகைகளில் செதுக்கி, ஆறு பெரிய தாள்களில் அச்சிட்டு ஒட்டியது. வெளியிட்டவர் அன்டன் கோல்ப் என்ற ஜெர்மன் வணிகர். மூன்று வருஷ வேலை என்று அவரே வெனிஸ் அரசுக்கு எழுதிய விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறார். விமானமும் பலூனும் இல்லாத காலத்தில், வீடு வீடாக, கால்வாய் கால்வாயாக, ஊரை மேலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

படத்தைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பலகைகள். செதுக்கிய அந்த மரப்பலகைகளே அங்கே இருக்கின்றன, மை ஊறிக் கறுத்துப்போய். அச்சில் நேராகத் தெரிகிற வெனிஸ், பலகையில் திரும்பிக் கிடக்கிறது. நவம்பரில் பெயரைத் திருப்பி அச்சடித்துவிட்டு நான் அழுதேன். இவர் ஒரு ஊரையே திருப்பிச் செதுக்கியிருக்கிறார்!

அந்தப் படத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 1489இல் இடி விழுந்து சான் மார்க்கோ மணிக்கூண்டின் உச்சி போய்விட்டது. அதனால் முதல் அச்சுப் படிகளில் கோபுரத்துக்கு மொட்டையான தற்காலிகக் கூரைதான். பிறகு ஊரில் கூம்புக் கூரை கட்டினார்கள். பலகையிலும் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, வேறு மரம் பொருத்தி, புதுக் கூம்பைச் செதுக்கிவிட்டார்கள். பின்னாளில் மறுபடி பழைய கூரைக்கே மாற்றியிருக்கிறார்கள். இப்படி மாறி மாறி வரும் ஒவ்வொரு கட்டத்தையும் அச்சோவியத்தில் ‘நிலை’ என்று எண்ணுகிறோம். படம் ஒருநாளில் முடிந்துபோகிற பொருளல்ல என்று அன்றைக்கு விளங்கியது.

ரோமில் அதையே செம்பில் பார்த்தேன். திரேவி நீரூற்றுக்குப் பின்னால் நிற்கும் மாளிகையில் கிராபிக் கலைக்கான மத்திய நிறுவனம் இருக்கிறது. 1738இல் பாப்பரசர் 12ஆம் கிளெமென்ட் தொடங்கிய செப்புத்தகட்டுக் கூடம் அதன் வேர். இன்று 20,000க்கும் மேற்பட்ட அச்சுத் தகடுகளை அங்கே பாதுகாக்கிறார்கள். பிரானேசியின் தகடுகளும் அவற்றில் அடக்கம். 1720இல் வெனிஸுக்குப் பக்கத்தில் மொல்யானோவில் பிறந்து, ரோமின் இடிபாடுகளை எட்சிங் செய்தே புகழடைந்தவர் அவர். ‘கற்பனைச் சிறைகள்’ வரிசையை முதலில் 14 தகடுகளாக வெளியிட்டார். 1761இல் அதே தகடுகளை மறுபடி எடுத்து, கோடுகளை இன்னும் ஆழமாக்கி, இருட்டைக் கூட்டி, புதிதாக இரண்டைச் சேர்த்து 16 ஆக்கினார். கீழே காசு வீசிவிட்டு நீரூற்றைப் படம் பிடிக்கும் கூட்டம். மேலே ஒரு மனிதனின் கைவிசை அப்படியே பதிந்த செம்பு.

தகட்டை இவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பயணத்தில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நம்மிடம் செம்பில் வெட்டுகிற கை இல்லாமலா போயிற்று? ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் 31 ஏடுகள். எழுத்தெல்லாம் உளி வேலை. அதுவும் காலம் கடந்து நிற்கத்தான் வெட்டியது. கல்வெட்டுக்காரர்கள் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி, பிரஷ்ஷால் தட்டி, மை தொட்டு எடுக்கும் மைப்படியும் ஒருவகை அச்சோவியம்தான். கை இருந்தது, செம்பு இருந்தது, ஈரக் காகிதமும் பின்னாளில் வந்தது. பேர் வெட்டுகிற தொழிலாளி ஒருவரை ஓவியப் பள்ளிக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்ல மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

வெனிஸுக்கும் சென்னைக்கும் நடுவே ஓர் அச்சுத் தொடர்பு உண்டு, போகிற போக்கில் சொல்கிறேன். அர்மேனிய மொழியின் முதல் அச்சுப் புத்தகம் 1512இல் வெனிஸில் வெளிவந்தது. அந்த மொழியின் முதல் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில் அச்சானது. வெனிஸின் சான் லாசரோ தீவு மடத்தில் அர்மேனியத் துறவிகள் 1717 முதல் இருக்கிறார்கள், அவர்களும் அச்சுக்கூடம் நடத்தியவர்கள். படகில் அந்தத் தீவைக் கடக்கும்போதெல்லாம் நம்மூர் அர்மேனியன் தெரு ஞாபகம் வரும்.

இத்தாலிக்கு நமக்கு முன்னால் போனவர்களும் உண்டு. சித்தூர்ப் பக்கத்தில் 1925இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். பிறகு வெளிநாடு போய், மிலானில் மரினோ மரினியிடம் சிற்பம் படித்தார். பாரிஸின் அட்டெலியே 17 அச்சுக்கூடத்தில், மைகளின் பிசுபிசுப்பைக் கூட்டியும் குறைத்தும் ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே அழுத்தத்தில் அச்சிடும் முறையை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். பரோடாவின் ஜோதி பட் 1960களின் தொடக்கத்தில் நேப்பிள்ஸ் கலைப் பள்ளியில் படித்தவர். இவர்கள் பெயரை நான் சென்னையில் இருந்தபோது ஒரு வரியாகக் கடந்திருக்கிறேன். அங்கே போய்த்தான் உட்கார்ந்து படித்தேன்.

போக நினைக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. வெனிஸின் அரசு கலைப் பள்ளி 1750இல் தொடங்கியது. ஃப்ளாரன்ஸில் இல் பிசோந்தே அச்சுக்கூடம் 1959 முதல் இருக்கிறது, சிற்பி ஹென்றி மூர் அங்கே வேலை செய்திருக்கிறார். பொலோஞ்யா கலைப் பள்ளியில் ஓவியர் மொராண்டி 1930 முதல் 1956 வரை எட்சிங் கற்பித்தார். சில பாட்டில்களும் கிண்ணங்களும் குறுக்குக்கோட்டுப் பின்னலுமே அவர் உலகம், அதுவே ஒரு ஆயுளுக்குப் போதுமானதாக இருந்தது. அரசு கலைப் பள்ளிகளில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும். மாகாண உதவித்தொகைக்கும் வருமானச் சான்றுகளை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். இத்தாலிய மொழியைக் கொஞ்சமாவது படித்துக்கொண்டு போங்கள். அமிலத் தொட்டிக்கு முன்னால் நின்று அகராதி பார்க்க நேரம் இருக்காது.

ஜூனில் அண்டாவை மறுபடி வெட்டினேன். இந்த முறை எழுத்தெல்லாம் செம்பில் திரும்பியிருந்தது. 12 படிகள் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் கீழே இடப்பக்கம் 1/12, 2/12 என்று எண், வலப்பக்கம் கையெழுத்து, இரண்டும் பென்சிலில். பன்னிரண்டாவது காய்ந்ததும், தகட்டின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுக்க வேண்டும். இனி இதில் யாரும் அச்சடிக்கக் கூடாது என்பதற்கான ஒப்பந்தம் அது. ரோமில் பார்த்த தகடுகள் நினைவுக்கு வந்தன. மனம் வராமல் ஒரு நாள் முழுக்கத் தகட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் இழுத்தேன். பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது பன்னிரண்டாகத்தான் இருக்க வேண்டும்.

ஊருக்கு வந்து கூடத்தில் தாளைப் பிரித்தபோது சித்தப்பா கேட்டார். “பிரிண்ட்டா? அப்ப ஒரிஜினல் எங்கம்மா?”

எத்தனையோ பேர் கேட்கிற கேள்விதான். இதுதான் சித்தப்பா ஒரிஜினல் என்றேன். தகட்டில் இருப்பது படமல்ல. தகட்டுக்கு மை பூசி, துடைத்து, தாளில் எடுத்தால்தான் படம். பன்னிரண்டும் ஒரிஜினல். ஓவியத்தைப் போட்டோ எடுத்து மெஷினில் அடிக்கிற போஸ்டர் வேறு, இது வேறு. அவர் விரலைப் பிடித்துத் தாளின் ஓரத்தில் வைத்தேன். தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் விரலுக்குத் தெரிந்தது. அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை, மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்பாயிக்குக் கண் மங்கல். தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். “இந்த சுழி அவரோடது” என்றாள்.

3/12 இப்போது அப்பாயி அறையில் மாட்டியிருக்கிறது. தாத்தாவின் உளி என் மேஜையில், புலினோவுக்குப் பக்கத்தில்.

சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் கிராபிக்ஸ் கூடம் இருக்கிறது. வரைகிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். கண்காட்சியில் ஒரு அச்சோவியத்தைப் பார்த்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று கோடு மேடாக இருக்கிறதா என்று பாருங்கள், கீழே எண்ணைப் படியுங்கள், முடிந்தால் ஒன்றை வாங்குங்கள். கான்வாஸ் ஓவியத்தின் விலை இதற்கு இருக்காது. பரணில் கிடக்கும் பழைய அண்டாவை எடைக்குப் போடுவதற்கு முன்னால், அதன் கழுத்தில் வெட்டியிருக்கும் பெயரையும் விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். மெஷின் வருவதற்கு முந்திய பாத்திரமாக இருந்தால், அதை ஒரு மனிதர் மடியில் வைத்து, சுற்றிச் சுற்றி, கையால் வெட்டியிருப்பார்.